ரத்தம் ஓடுது, கை ஏன் எழவில்லை?

சுங்கை சிப்புட் தம்பி, பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுத்து, ஓட்டம் முழுசாகத் திரும்பியது என்றார்கள், பத்து நாளாகியும் வலது கை எழவில்லை, சிகிச்சை வீணா என்று கேட்டிருந்தீர்கள்.

வீணில்லை. பெரிய ரத்தக்குழாய் திறப்பது வேறு, மூளை பிழைப்பது வேறு. அடைப்பு இருந்த நேரத்தில் செத்த பகுதி ரத்தம் வந்தாலும் உயிர்க்காது. சில சமயம் நுண்குழாய்களில் ஓட்டம் திரும்புவதுமில்லை. 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், கட்டி எடுத்தவர்களில் 90 நாளில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவுதான்.

என் மாமா ரப்பர் பால்வெட்டுக்காரர். அவருக்கும் பக்கவாதம் வந்து, மூன்று வாரம் விரல்கூட அசையவில்லை. அப்புறம் ஒரு காலை, தேத்தண்ணி மங்கின் காதைக் கட்டைவிரல் மட்டும் கொக்கி போட்டுப் பிடித்தது. பாதி தேத்தண்ணி கைலியில்தான், அத்தை திட்டவேயில்லை!

முதல் மூன்று மாதம்தான் வேகமாகத் தேறும் காலம். தோட்டத்திலிருந்து பஸ் சரியில்லை என்று பிசியோ பயிற்சியை விட்டுவிடாதீர்கள். விழுங்கும்போது இருமினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கா என்று பார்த்தார்களா, கேளுங்கள். முகம் மறுபடி கோணினால், உடனே ஆம்புலன்ஸுக்கு 999.