மகனை நாளைக்குப் பட்டறைக்கு அனுப்பலாமா?

முதலில் உங்கள் மகனைப் பற்றிப் பேசிவிடுவோம். இருமல், முதுகுப் பிடிப்பு, தூக்கமின்மை, ஸ்கேன் ரிப்போர்ட்டின் அத்தனை வரிகள் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, “நாலு வருஷமாக என்னோடு கல் அறுக்கிறான், அவனுக்கும் இது வந்துவிடுமா?” என்று கடைசியில் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் வாட்டுவது அந்த வரிதான்.

உங்களுக்கு வந்திருக்கும் நுரையீரல் தழும்பு தொற்றுநோய் இல்லை. உங்கள் மூச்சிலிருந்தோ தட்டிலிருந்தோ படுக்கையிலிருந்தோ அவருக்கு வராது. ஆனால் பட்டறைத் தூசியிலிருந்து வரும். தண்ணீர் விடாமல் கிரைண்டர் ஓடுகிற இடத்தில் அவர் நாளை முதல் நிற்கக் கூடாது. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

நீங்கள் 20 வருடங்களுக்கு மேல் கிரானைட் அறுத்தவர். மகன் சேர்ந்த பிறகு பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கல்தூளைப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கை குவார்ட்ஸ் பலகை என்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நுரையீரலைக் கெடுப்பது கல்லுக்குள் இருக்கும் சிலிகா என்ற கனிமம். மார்பிளில் அது மிகக் குறைவு. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். செயற்கை குவார்ட்ஸில் அது 90 சதவீதத்தையும் தாண்டும். கிரானைட் தூசி பத்து, இருபது வருடங்களில் செய்கிற கேட்டை இது சில வருடங்களிலேயே செய்துவிடுகிறது. முப்பதுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போயிருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியே போய்விடும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாதது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காற்றுப்பை வரை இறங்கும் சிலிகாத் துகளோ பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் கீழே. அங்கே காவலுக்கு இருக்கும் உயிரணு அதை விழுங்குகிறது, செரிக்க முடியாமல் சாகிறது, வெளியே வந்த அதே துகளை அடுத்த உயிரணு விழுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழற்சி, அதன் பின்னால் தழும்பு. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு நோய் முற்றுவது இதனால்தான். அதற்காக, விட்டு என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே போன தூசியின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்.

கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறான் என்கிறீர்கள். கைக்குட்டை இந்தத் துகளைத் தடுக்காது. என்-95 முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தினால் பெருமளவு தடுக்கும், தாடி இருந்தால் பொருந்தாது. அறுக்கும் பிளேடின் மேலேயே தண்ணீர் விழ வேண்டும், தூசியை உறிஞ்சும் கருவி வேண்டும், தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. இவையெல்லாம் இருந்த பிறகுதான் முகக்கவசம். சாயங்காலம் கிளம்பும்போது கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள், இருவருமே. நாள் முழுக்கத் துணியில் படிந்ததை ஒரே நிமிடத்தில் முகத்துக்கு நேரே கிளப்பிவிடுகிற வேலை அது. உடையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். குவார்ட்ஸ் பலகை என்றால் தண்ணீர் விட்டு அறுத்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் மகனுக்கு 24 வயது. வேறு தொழில் பழக நேரம் இருக்கிறது.

அவருக்கு இருமல் இல்லை, இரைப்பு இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. ஸ்பைரோமெட்ரி என்ற, குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, டி.பி. பரிசோதனை மூன்றும் செய்யுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சி.டி.யில் நோய் தெரிவது உண்டு, அது வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டி.பி.யை ஏன் சேர்க்கிறேன் என்றால், சிலிகா படிந்த நுரையீரலில் அது எளிதாக இடம் பிடிக்கும்.

இனி உங்களுக்கு. ரிப்போர்ட்டில் ‘காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு’ என்று இருக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் வேலை என்ற இடத்தில் ‘சொந்தத் தொழில்’ என்று நிரப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு காரணம் எப்படித் தெரியும்? காரணம் தெரியாதது என்று முடிவு கட்ட, முதலில் தேடியிருக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படிக் காரணம் தெரியாதது என்று சொல்லப்படும் தழும்பு நோயிலேயே சுமார் 26 சதவீதத்துக்கு வேலையிடத் தூசியும் புகையும் ஆவியும் பொறுப்பு என்று கணக்கிட்டது. ஆகவே ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். எந்த வருடம் முதல் எந்தக் கல், தண்ணீர் விட்டா விடாமலா, அதற்கு முன் வெல்டிங், மரவேலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேலை ஏதாவது உண்டா? வீட்டில் புறாவோ வேறு பறவையோ, இறகுத் தலையணை, பூஞ்சை பூத்த சுவர்? இதயத்துக்கு அமியோடரோன், மூட்டுக்கு மெத்தோட்ரெக்சேட், சிறுநீர்த் தொற்றுக்கு நெடுநாள் நைட்ரோஃபுரான்டோயின்? பறவையும் பூஞ்சையும் மருந்தும்கூடத் தழும்பை உண்டாக்கும். அப்படியிருந்தால் சிகிச்சையின் முதல் படியே அதை விலக்குவதுதான். அந்தத் தாளோடும் ஸ்கேன் படங்களோடும் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு மாதமாக மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. இருமல் அடங்குவதால் நோய் அடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். காரணம் தெரியாத தழும்பு நோயில் ஸ்டீராய்டோடு அசாதயோபிரின், அசிட்டைல்சிஸ்டைன் என்ற வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியதால் அந்தச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2012-இல் வெளியானது. சிலிகா நுரையீரலில் ஸ்டீராய்டு, டி.பி.க்குக் கதவைத் திறந்துவிடும். ஆனால் இன்றே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, உடல் தாங்காது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்று பெயர். விழுந்த தழும்பை அவை அழிக்காது. நுரையீரலைக் கழுவிவிடும் என்று இணையத்தில் விற்கிற பானங்களும் அழிக்காது.

இணையத்தில் படித்த ‘மூன்று வருடக் கெடு’வையும் விட்டுவிடுங்கள். அது காரணம் தெரியாத வகைக்கு, இந்த மருந்துகள் வருவதற்கு முன் எடுத்த கணக்கு. உங்களுக்கு எந்த வகை என்பதே இன்னும் முடிவாகவில்லை. முதுகுப் பிடிப்பு பலகை தூக்கியதால். சளியின் நிறம் நாளுக்கு நாள் மாறுவது இப்போது முக்கியமில்லை, ரத்தம் வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். விரல் நுனி தடித்து நகம் வளைந்திருப்பதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறேன், 97 காட்டுகிறது, அதனால் பயமில்லை என்கிறீர்கள். அந்த 97-ஐ நம்பாதீர்கள். தழும்பு விழுந்த நுரையீரல் ஓய்வில் சமாளித்துக்கொள்ளும். நடக்கும்போதுதான் உண்மை தெரியும். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமதரையில், வழக்கமான வேகத்தில் 6 நிமிடம் நடங்கள். கருவி விரலிலேயே இருக்கட்டும். 88-க்குக் கீழே இறங்கினால் அங்கேயே உட்காருங்கள், ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது உங்களுக்கு ஆக்ஸிஜன் தேவைப்படலாம்.

அதைவிட அவசரமானது ஒன்று. போன வாரம் நிற்காமல் ஏறிய படியை இந்த வாரம் பாதியில் நின்று ஏறுகிறீர்கள், சட்டை போடும்போதே இரைக்கிறது, பேச்சு நடுவில் அறுகிறது என்றால், நாள் கணக்கில், வாரக் கணக்கில் கூடும் அந்த இரைப்பு, தழும்பு நோய் திடீரென முற்றுவதன் அறிகுறி. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருக்காதீர்கள். அன்றே தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.