மாடியில் வேண்டாம், தம்பி

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் வாசகர் மன்றம் கடைவீட்டு மாடியில் இருக்கிறது. துண்டாடி விற்கப்பட்ட ரப்பர்த் தோட்டங்களின் மன்றங்களிலிருந்து வந்த பழைய இதழ்களும் ‘தமிழ் நேசன்’ நாளிதழ்க் கட்டுகளும் நிறைந்து நடக்க இடமில்லை. இடம் மாறும் ஓர் அலுவலகம், தண்டவாளத்தில் நகரும் அலமாரிகளை இலவசமாகத் தருகிறது. மாடியில் பொருத்தலாமா?
– செயலாளர், வாசகர் மன்றம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் மாடிக்கு ஏற்றாதீர்கள். வரிசைக்கு வரிசை நடைபாதை விடாமல் ஒரே பாதையை வைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுழற்றி வேண்டிய இடத்தில் திறப்பதுதான் இந்த அலமாரியின் வேலை. அதே தரையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இதழ் அடங்கும். பாரமும் அப்படியே ஏறும்.

நம் பொறியாளர்கள் நெடுங்காலம் கையாண்ட பிரிட்டிஷ் தரவிதி பி.எஸ். 6399 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அலமாரியின் உயரம் 2 மீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையும் கிட்டத்தட்ட 1 டன் தாங்க வேண்டும். சாதாரண வீட்டுத் தரைக்கு அதே விதி கேட்பது சுமார் 150 கிலோதான். பழைய கடைவீட்டு மாடி, அதிலும் பலகை மாடி, இதற்கு ஆகவே ஆகாது. கீழ்த்தளத்தில் ஓர் அறை கேளுங்கள். அங்கேயும் ஒரு பொறியாளரை அழைத்துத் தரையைக் காட்டிவிட்டுப் பொருத்துங்கள். தரை மட்டமாக இல்லாவிட்டால் அலமாரி தானே உருளும். இடையில் நிற்பவரை நசுக்கிவிடும். பூட்டு சரியாக விழுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அப்புறம், தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டுப்பலகை மேடை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து. சிமெண்டுத் தரையிலேயே பதிக்கச் சொல்லுங்கள். இரவில் எல்லாவற்றையும் இறுக மூடி வைக்காதீர்கள். வரிசைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், நம் மழைக்காலத்தில் அது சுலபமாகத் தாண்டும். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

எதை உள்ளே வைப்பது? யாரும் அடிக்கடி கேட்காத மாத இதழ்களை வையுங்கள். ‘தமிழ் நேசன்’ கட்டுகள் வெளியே நிலையான அலமாரியிலேயே இருக்கட்டும். 1924இல் தொடங்கி 2019இல் நின்ற நாளிதழ் அது. தாத்தா வேலை செய்த தோட்டத்தைத் தேடி வருபவர், நான்கைந்து ஆண்டுக் கட்டுகளை ஒன்றாக இறக்கிப் புரட்டுவார். நகரும் அலமாரியில் ஒரு நேரத்தில் ஒரு பாதைதான் திறக்கும். அடுத்தவர் காத்திருக்க வேண்டும். தவிர, அலுவலகக் கோப்புக்குச் செய்த தட்டில் நாளிதழின் அகலத்தாள் அடங்காது. மடித்துத் திணித்தால் மடிப்பிலேயே கிழியும். படுக்க வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

தோட்ட மன்றங்களின் ஆண்டு மலர்கள் அந்தக் குவியலில் இருந்தால், அலமாரி வரும் வரை காத்திருக்காமல் இப்போதே பிரித்தெடுத்து அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் தனியாக வையுங்கள். அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லாமல் போயிருக்கலாம்.