12 வோல்ட் தோட்ட விளக்கு டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போனால் மாற்றாக எதை வாங்குவது?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம் இது: 300 வாட், 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர். ஒரு கேபிளுக்கு ஆறு விளக்கு. முன்பு எல்லாம் 20 வாட் ஆலசன், இப்போது 5 வாட் எல்இடி. பெட்டி செத்துவிட்டது, அதே 300 வாட்டில் இன்னொன்று வாங்கலாமா?

வாங்கினால் விளக்கு எரியும். ஆனால் அந்த 300 ஆலசன் காலத்துக் கணக்கு. இப்போது கேபிளின் முனையில் தொங்குவது வேறு சுமை. பழைய பெட்டியின் லேபிளை ஓரமாக வைத்துவிட்டு, விளக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாருங்கள்.

அதற்கு முன் ஒன்று: செத்தது டிரான்ஸ்பார்மர்தானா? மெயினை அணைத்து, வெளியே போகும் 12 வோல்ட் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். போட்டோசெல் (இருட்டினால் விளக்கைப் போடும் சென்சார்) இருந்தால் கறுப்பு டேப்பால் மூடுங்கள், டைமரை 'ஆன்' நிலையில் வையுங்கள். பிறகு மெயினைக் கொடுத்து, உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். மெயின் பெட்டிக்குள் வருகிறது, ஆனால் காயில் (டிரான்ஸ்பார்மரின் கம்பிச் சுருள்) வரை போகவில்லை என்றால் பழுது டைமரிலோ போட்டோசெல்லிலோ இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். காயில் வரை வந்தும் வெளியே ஒன்றுமில்லை என்றால் பிரைமரி காயிலின் (மெயின் பக்கச் சுருள்) இரு முனைக்கும் மெயினை அணைத்துவிட்டு ஓம்ஸ் பாருங்கள். திறந்த சர்க்யூட் என்று காட்டினால் பெரும்பாலும் காயிலுக்குள் புதைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். அதைத் தோண்டி எடுத்து நேரடியாக இணைக்கச் சொல்லும் யோசனைகளைக் காதில் வாங்காதீர்கள். அந்த ஃபியூஸ் போனதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

மூன்றாவது சாத்தியம்தான் பலரை ஏமாற்றுகிறது. வயர் கழற்றிய நிலையில் 12, 13 வோல்ட் ஒழுங்காக வருகிறது, வயரை மாட்டியதும் டிரிப் ஆகிறது என்றால் டிரான்ஸ்பார்மர் நன்றாகத்தான் இருக்கிறது. கேபிளில் எங்கோ ஷார்ட். மண்வெட்டி பட்ட இடம், தண்ணீர் புகுந்த ஜாயின்ட், ஒரு விளக்கின் ஹோல்டர், இவற்றில் ஒன்று. கேபிளைப் பாதியில் பிரித்து எந்தப் பாதியில் பழுது என்று பாருங்கள், அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். இதைச் செய்யாமல் புதுப் பெட்டி மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும்.

இனி தேர்வு. முதலில் பார்க்க வேண்டியது வாட்டை விட அவுட்புட்டின் வகை. வெளித் தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் பெட்டிகளுக்குள் நான்கு வெவ்வேறு பொருள் இருக்கலாம்.

இரும்புக் கோர் உள்ள பழைய பாணி டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட் ஏசி தரும். கனமாக இருக்கும், லேசாக உறுமும், வெயில் மழை தாங்கும். நீண்ட கேபிள் ஓடும் தோட்டத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். கையடக்கமாக, எடையே இல்லாமல் இருப்பது எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர். அதிலும் '12 வோல்ட் ஏசி' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் வெளிவருவது பல்லாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண். வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு ஆலசனுக்குப் பக்கத்தில் வைக்கச் செய்தது அது. அவுட்புட் கேபிள் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகவே எழுதுகிறார்கள். 30 மீட்டர் ஓட்டினால் அந்த அதிர்வெண்ணில் கேபிளின் இண்டக்டன்ஸே (மாறும் கரண்டை எதிர்க்கும் குணம்) வோல்ட்டேஜைத் தின்றுவிடும், ரேடியோ இரைச்சலும் கிளம்பும். போதாததற்கு '20 முதல் 60 வாட்' என்பது போல் குறைந்தபட்ச லோடு ஒன்று கேட்கும். அதற்குக் கீழே எல்இடி மாட்டினால் மினுக்கும், அல்லது எரியவே எரியாது. சாதாரண மல்ட்டிமீட்டர் அந்த அவுட்புட்டைச் சரியாகக் காட்டாது என்பதால் பழுது பார்ப்பதும் தலைவலி. தோட்டத்துக்கு வேண்டாம்.

அடுத்தது 12 அல்லது 24 வோல்ட் டிசி தரும் எல்இடி டிரைவர். ஸ்ட்ரிப் லைட்டுக்கும், 'டிசி மட்டும்' என்று எழுதிய விளக்குக்கும் இதுதான் வேண்டும். ஏசி கொடுத்தால் ஸ்ட்ரிப் அரை அலையில் மட்டும் எரிந்து மினுக்கும், சீக்கிரம் கருகவும் செய்யும். விளக்கில் '12 வோல்ட் ஏசி/டிசி' என்று இருந்தால் இரண்டும் ஓடும். மண்ணுக்குள் நீளமாகப் போகும் கேபிளுக்கு ஏசியே நல்லது. ஈரம் பட்ட ஜாயின்ட்டில் டிசி ஓடினால் மின்பகுப்பு நடந்து பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு பச்சையாகி அரித்துப்போகும். நான்காவது வகையில் வோல்ட்டுக்குப் பதிலாக 350 அல்லது 700 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர். விளக்குகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இருக்கும். பழைய பெட்டி அந்த வகையாக இருந்தால் அதே மில்லிஆம்பியரில், அதே வோல்ட் எல்லைக்குள் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் சுமை 12 × 5 = 60 வாட். 60 வாட் பெட்டி வாங்கினால் போதாது. ஏசியில் ஓடும் எல்இடி பல்புக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் கெபாசிட்டரும் உண்டு. அலையின் உச்சியில் மட்டும் குபுக்கென்று கரண்ட் இழுக்கும். அதனால் பவர் ஃபேக்டர் (வாட்டை வோல்ட் × ஆம்பியரால் வகுத்தால் வரும் எண்) 0.6, 0.7 அளவுக்கு இறங்கலாம். 0.7 என்று வைத்தால் 60 வாட் என்பது டிரான்ஸ்பார்மரின் கண்ணுக்கு 86 விஏ (வோல்ட் × ஆம்பியர்). பெட்டியை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது நடைமுறை. 86 ÷ 0.8 = 107 விஏ. ஆக 150 விஏ வாங்குங்கள்; இன்னும் மூன்று நான்கு விளக்கு சேர்க்க இடமிருக்கும். பழைய 240 வாட் ஆலசனை 0.8-ஆல் வகுத்தால் சரியாக 300 வரும். அன்று போட்டவர் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

300-ஐயே வாங்கினால் என்ன கெட்டுவிடும்? அளவு பெரிதாக இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் இரும்புக் கோர் டிரான்ஸ்பார்மர் முழு லோடில்தான் எழுதிய வோல்ட்டைக் கொடுக்கும். சுமை குறைந்தால் அவுட்புட் ஏறும். சிறிய பெட்டிகளில் 10 சதவீதம் வரைகூட ஏறும். இதோடு டேப் விஷயமும் சேர்ந்தால்தான் வம்பு.

டேப் என்றால் 12, 13, 14, 15 வோல்ட் என்று தனித்தனி டெர்மினல்கள். நீண்ட கேபிளில் விழும் வோல்ட்டேஜை ஈடுகட்ட வைத்திருப்பது. கணக்கு எளிது: கேபிள் நீளம் (மீட்டர்) × 2 × ஆம்பியர் × 0.0172 (செம்பின் தடைக்கான எண்), அதை ஸ்கொயர் எம்எம்-ஆல் வகுங்கள். ஆலசன் இருந்தபோது ஒரு கேபிளில் 120 வாட், 10 ஆம்பியர். 30 × 2 × 10 × 0.0172 ÷ 2.5 = 4.1 வோல்ட். இது சுமை முழுவதும் கடைசியில் இருந்தால். ஆறு விளக்கும் சம தூரத்தில் இருந்தால் கடைசி விளக்கில் விழுவது இதில் ஏறக்குறைய 58 சதவீதம், அதாவது 2.4 வோல்ட். அதனால் உங்கள் கேபிள்கள் அநேகமாக 14 வோல்ட் டேப்பில் மாட்டியிருக்கும். இப்போது எல்இடியில் ஒரு கேபிளுக்கு 30 வாட். பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் சுமார் 3.5 ஆம்பியர். கடைசி விளக்கில் விழுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. 12 வோல்ட் டேப்பே போதும்.

'பழையதில் எந்த டெர்மினலில் இருந்ததோ அதே டெர்மினலில்' என்று புதிய பெட்டியின் 14-ல் மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 300 விஏ பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சுமைகூட இல்லை, எனவே 14 என்பது 15-ஐ எட்டும். இரவில் மெயின் 10 சதவீதம் ஏறினால் 16.5. முதல் விளக்கில் கேபிள் இழப்பும் அதிகமில்லை. பல எல்இடி பல்புகளின் மேல் எல்லை 15 வோல்ட். ஏசியின் உச்சி வோல்ட் 1.41 மடங்கு என்பதால் பல்புக்குள் இருக்கும் கெபாசிட்டர் 23 வோல்ட் பார்க்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து விளக்குகள் மட்டும் திரும்பத் திரும்பச் செத்தால் பல்பின் தரத்தைத் திட்டுவதற்கு முன் டேப்பைப் பாருங்கள். எல்இடிக்கு 10.5-லிருந்து 13 வரை இருந்தால் நிம்மதி. ஆலசன் வைத்திருப்பவர்களுக்கு 11-லிருந்து 12. அதில் 5 சதவீதம் அதிகமானாலே ஆயுள் பாதியாகும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஐசோலேஷன். பிரைமரியும் செகண்டரியும் (12 வோல்ட் பக்கச் சுருள்) மின்தொடர்பே இல்லாத தனிக் காயில்களாக இருக்க வேண்டும். லேபிளில் ஐஇசி 61558-2-6 என்ற எண்ணைத் தேடுங்கள்; அமெரிக்கச் சந்தைப் பெட்டிகளில் யுஎல் 1838. ஒரே காயிலில் நடுவே எடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மர் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதில் 12 வோல்ட் வயரிலேயே மெயின் இருக்கலாம். செகண்டரியை எர்த் செய்யவும் வேண்டாம். நீச்சல் குளம், நீரூற்று இருந்தால் அங்கே விதி வேறு: தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு ஏசி 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, டிரான்ஸ்பார்மர் குளத்தின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும், அந்த உபயோகத்துக்கென்று சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும். பிரைமரி பக்கம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவி; பல நாடுகளில் ஆர்சிசிபி என்பார்கள்) எப்படியும் தேவை.

ஃபியூஸ் பற்றி யாரும் பேசுவதில்லை. பல பெட்டிகளில் 12 வோல்ட் பக்கம் 25 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும். உங்கள் கேபிளின் கடைசியில் முழு ஷார்ட் ஆனால் 30 மீட்டர் போய்வரும் செம்பின் தடை 0.41 ஓம், கரண்ட் அதிகபட்சம் 29 ஆம்பியர். ஷார்ட் ஆன இடம் துருப்பிடித்து கொஞ்சம் தடை சேர்ந்தால் 25-க்குக் கீழே போய்விடும், பிரேக்கர் அசையவே அசையாது. கேபிள் மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான வாட் வெப்பத்தில் வேகும். எனவே ஒவ்வொரு கேபிளுக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள். உங்களுக்கு 5 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (கணநேர ஏற்றத்தைத் தாங்கும் வகை) பொருந்தும்.

இன்னொரு ஆபத்து: சுமை போதவில்லை என்று இரண்டு டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் பக்கத்தை ஒன்றாக இணைப்பது. ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினாலும் மற்றது அதன் செகண்டரி வழியே தலைகீழாக ஊட்டும். கையில் இருக்கும் பிளக்கின் பின்களில் முழு மெயின் வோல்ட்டேஜ் நிற்கும். இரண்டு காமன் டெர்மினல் (டேப்புகளுக்குப் பொதுவான திரும்பு முனை) உள்ள பெரிய பெட்டிகளிலும் அவற்றை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனிக் காயில்.

டொராய்டல் கோர் (வளைய வடிவ இரும்பு) வாங்கினால் உறுமல் குறைவு, இழப்பும் குறைவு. ஆனால் சுவிட்ச் போடும் கணத்தில் பெரிய கரண்ட் இழுக்கும். மெயின் பிரேக்கர் 'பி' வகையாக இருந்தால் அவ்வப்போது காரணமில்லாமல் டிரிப் ஆகும். 'சி' வகை தாங்கும். டிம்மர் வைக்க நினைத்தால் இரும்புக் கோர் டிரான்ஸ்பார்மருக்கு லீடிங் எட்ஜ் டிம்மர், அதுவும் காயில் லோடுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பது.

மாட்டும்போது: தரையிலிருந்து 30 செ.மீ. உயரம், வயர் நுழையும் பக்கம் கீழே, கேபிள் பெட்டிக்குள் ஏறுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அடியில் உள்ள துளையை சிலிக்கானால் அடைக்காதீர்கள். உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற அதுதான் வழி. பழைய கேபிளின் முனை கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டுங்கள். பல இழை வயரில் ஈயம் வைத்து ஸ்க்ரூவுக்கு அடியில் இறுக்காதீர்கள், நாளடைவில் ஈயம் நசுங்கித் தளரும். ஃபெரூல் (வயர் முனைக்கான உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள்.

எல்லாம் மாட்டியபின் அரை மணி நேரம் எரியவிட்டு, இரண்டு கேபிளிலும் முதல் விளக்கிலும் கடைசி விளக்கிலும் வோல்ட் பாருங்கள். கரண்ட் பார்க்க கிளாம்ப் மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் வகையாக இருக்க வேண்டும். மலிவு மீட்டர் எல்இடியின் துண்டு துண்டான அலையைக் குறைத்தே காட்டும். முதல் விளக்கில் 13-க்கு மேல் வந்தால், 12 டேப்பிலேயே இருந்தாலும், பெட்டி சுமைக்குப் பெரிதாகவோ மெயின் வோல்ட்டேஜ் அதிகமாகவோ இருக்கும். 11 வோல்ட் டேப் உள்ள பெட்டிகளும் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் பல்பு வாங்கும்போது '9–17 வோல்ட்' போல அகலமான எல்லை எழுதியதாகப் பார்த்து எடுங்கள்.