'கேரி' ஒன்றுதான், தகலாகில் எத்தனை?

கேள்வி: அக்கா, ஆங்கிலத்தின் 'கேரி'க்கு (carry, சுமப்பது) பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகில் ஒரே ஒரு சொல் சொல்லிவிடுங்களேன்.

பதில்: ஒன்றை மட்டும் சொன்னால் சந்தையில் மாட்டிக்கொள்வீர்கள். பொதுச்சொல் 'டலா'. 'டல்ஹின் மோ ரீதோ' என்றால் இங்கே கொண்டு வா, 'டல்ஹின் மோ ரோஓன்' என்றால் அங்கே கொண்டு போ. நம் 'கொண்டு' மாதிரியேதான்.

ஆனால் சுமை உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் 'டலா' போதாது. கையில் தொங்கும் காய்கறிப் பை பிட்பிட். தலைமேல் கூடை சூனோங். தோளில் மூட்டை பசான். அக்குளில் இடுக்கிய செய்தித்தாள் கிப்கிப். இடுப்பில் குழந்தை கிலிக். அதே குழந்தை மடிக்கு வந்தால் கலோங், கையில் ஏந்தினால் கார்கா. கடைசிச் சொல் ஸ்பானியர் விட்டுப்போனது. நமக்கும் சுமப்பது, ஏந்துவது, இடுக்குவது எல்லாம் உண்டு. இடுப்புக்கு மட்டும் 'இடுப்பில் வைத்துக்கொண்டு' என்று நீட்ட வேண்டியிருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கேள்வி: மணிலாவில் 'மமமசான்' என்று காதில் விழுந்தது. அதுவும் சுமப்பதுதானா?

பதில்: பசானின் பிள்ளைதான், முன்னொட்டு சேரும்போது 'ப' கரைந்து 'ம' ஆகிறது. ஜனவரி 9 அன்று மணிலாவின் கியாபோ பகுதியில் கறுப்பு நசரேனர், அதாவது சிலுவை சுமக்கும் இயேசுவின் கரிய மரச்சிலை, ஊர்வலம் வரும். வெறுங்காலோடு வந்து அதன் பருத்த வடத்தைத் தோளில் போட்டு இழுப்பவர்களுக்கு அந்தப் பெயர். நம் கோயில்களில் 'ஸ்ரீபாதம் தாங்கி' என்பதைப் போல வினையே ஆளின் பெயராகிவிட்டது.

கேள்வி: பிலிப்பைன்ஸின் தவாவ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். கர்ப்பிணி என்பதற்கும் 'டலா' வருமாமே?

பதில்: வரும், தம்பி. 'நக்டடலாங்டாவோ'. டாவோ என்றால் மனிதர். 'மனிதரைச் சுமந்திருக்கிறாள்' என்று பொருள். கரு என்றோ பிள்ளை என்றோ சொல்லாமல் மனிதர் என்கிறார்கள், பாருங்கள். பேச்சில் 'புந்திஸ்' போதும். இன்னொன்று: தகலாகில் 'புஹாட்' என்றால் தூக்குவது. உங்கள் ஊரில் பேசும் செபுவானோவில் அதுவே 'செய்வது'. வார்டில் குழம்பிவிடாதீர்கள்.

கேள்வி: 'நடலா நா அகோ' என்றாள் தோழி. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதில்: 'நடலா'வின் கடைசி 'ஆ'வைத் தொண்டையில் சட்டென்று வெட்டினாளா? அப்படியானால் அது வேறு சொல்: 'பட்டது போதும், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்.' சூடு கண்ட பூனையின் பேச்சு. வெட்டாமல் சொன்னால்தான் நீங்கள் நினைத்த பொருள். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காட்டுவது அரிது. மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 'கெரி லாங்' என்கிறார்களே?

பதில்: அது அதே ஆங்கிலக் 'கேரி'தான், மணிலாவில் வேடம் மாறியிருக்கிறது: 'பரவாயில்லை, சமாளித்துவிடலாம்.' நண்பர்களிடம் சொல்லுங்கள், மேலாளரிடம் வேண்டாம்.