பத்து இஞ்ச் ரிம் வாங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். என்னிடம் 1989 மாடல் மினி கார் இருக்கிறது. 12 இஞ்ச் ரிம், முன்னால் டிஸ்க் பிரேக். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கிராணி ஒரு மினி வைத்திருந்தார், குட்டிச் சக்கரத்தோடு செம்மண் சாலையில் வண்டு மாதிரி ஓடும். அந்த உருவம் மனதை விட்டுப் போகவில்லை. 10 இஞ்ச் ரிம் நான்கு, டயரோடு, ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். நட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்கிறார் விற்பவர். வண்டி பழுது பார்க்கிற எங்கள் போர்மனைக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா தெரியவில்லை. பணம் கொடுக்கலாமா? — வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி, போர்மன் ஆட்டியது இல்லை என்றுதான். விற்பவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. எல்லாப் பழைய மினிக்கும் நான்கு நட்டு, அவை உட்காரும் வட்டம் 101.6 மில்லிமீட்டர், அதனால் துளை சரியாக உட்காரும் என்று பார்வைக்குத் தோன்றும். ஆனால் ரிம் உள்ளே போகாது, காலிப்பரில், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தில், முட்டி நிற்கும்.

ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். 1959இல் மினி வந்தபோது 10 இஞ்ச் சக்கரம், நான்கு பக்கமும் டிரம் பிரேக், அதாவது சுற்றுகிற உருளைக்குள் ஷூ விரிந்து பிடிப்பது. 1961இல் கூப்பர் வந்தது, முன்னால் 7 இஞ்ச் டிஸ்க். 1963இல் கூப்பர் எஸ், 7.5 இஞ்ச் டிஸ்க். இவையெல்லாம் 10 இஞ்ச் ரிம்முக்குள் அடங்குகிற அளவு. 1984இல்தான் எல்லா மினிக்கும் 8.4 இஞ்ச் டிஸ்க் போட்டார்கள், அது பழைய ரிம்முக்குள் அடங்காது என்பதால் 12 இஞ்ச் சக்கரமும் கூடவே வந்தது. பெரிய டிஸ்க்கோடு பெரிய ரிம் வந்த வண்டி உங்களுடையது, ரிம்மை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டு போக முடியாது, டிஸ்க்கும் சேர்ந்து போக வேண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். நானும் ரிம்மைத்தான் முதலில் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதியதைத் தூக்கி வைத்தால் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. தம்பியின் சப்பாத்தை அண்ணன் மாட்டப் பார்த்த மாதிரி. பக்கத்தில் நின்ற ஒருவர், காலிப்பரைக் கொஞ்சம் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிடலாமே என்றார். வண்டியை நிறுத்துகிற இரும்பை அழகுக்காகத் தேய்ப்பதா என்று நல்லவேளை அன்றைக்கே தோன்றிவிட்டது. ரிம் நான்கும் சமையல்கட்டுக்குப் பின்னால் கிடந்தன, ஒன்றில் கோழி அடைகாத்து ஏழு குஞ்சு பொரித்தது. அதுதான் அந்த வருஷம் அந்த ரிம்மால் எனக்குக் கிடைத்த லாபம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். வழி இரண்டு. ஒன்று, கூப்பர் எஸ் மாதிரியான 7.5 இஞ்ச் டிஸ்க், அதற்குரிய இரும்புக் காலிப்பர். இன்னொன்று, 10 இஞ்ச் ரிம்முக்கென்றே செய்து விற்கிற 7.9 இஞ்ச் டிஸ்க், நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர். இரண்டாவது விலை கூடுதல். எதை எடுத்தாலும் மாறுவது டிஸ்க், காலிப்பர், பேட், அப்புறம் டிஸ்க்கைத் தாங்குகிற டிரைவ் ஃபிளேஞ்ச். இந்த ஃபிளேஞ்சைத்தான் பலர் மறந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் வாங்கி வந்து முழிக்கிறார்கள். உங்களுடையது ஏற்கெனவே டிஸ்க் வண்டி என்பதால் சக்கரத்தைத் தாங்குகிற ஹப், எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துகிற சிவி ஜாயின்ட் இரண்டும் அப்படியே இருக்கட்டும். பின்பக்க டிரம்மையும் தொட வேண்டாம், அது 10 இஞ்ச் ரிம்முக்குள் தாராளமாக நுழையும். டிரம் வண்டியை டிஸ்க்காக மாற்றுகிறவர்களுக்குத்தான் ஹப்பும் சிவி ஜாயின்ட்டும் சேர்ந்து செலவு.

டிஸ்க் சின்னதானால் பிரேக் பிடிக்காதே என்று அடுத்துக் கேட்பீர்கள். 8.4 இஞ்ச் என்றால் 213 மில்லிமீட்டர், 7.5 என்றால் 190. பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆனால் சக்கரமும் சின்னதாகிறதே. 145/70 ஆர் 12 டயர் ஏறக்குறைய 508 மில்லிமீட்டர் உயரம், 165/70 ஆர் 10 ஏறக்குறைய 485. சின்னச் சக்கரத்தை நிறுத்தக் குறைந்த பிடி போதும், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் கணக்குப்படி இழப்பு ஆறு ஏழு சதவீதம்தான். ஈப்போவுக்குப் போய் வருகிற ஓட்டத்தில் உங்கள் காலுக்கு அது பெரிதாகத் தெரியாது.

தெரியப்போவது சூடு. சின்ன டிஸ்க்கில் இரும்பு குறைவு, சீக்கிரம் காயும். 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிற தானா ராத்தாவிலிருந்து சிம்பாங் பூலாய் பக்கமாக இறங்கும்போது முன்னால் ஒரு காய்கறி லோரி ஊர்ந்தால் நீங்களும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வருவீர்கள், பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி ஆகும். இறக்கத்தில் மூன்றாம் கியரோ இரண்டாம் கியரோ போட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம், ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் 7.9க்குச் செலவு செய்யுங்கள், இல்லையென்றால் 7.5 போதும் என்பது என் கட்சி.

7.9 எடுப்பவர்கள் கவனிக்க: 10 இஞ்ச் ரிம் எல்லாம் உள்பக்கம் ஒரே வளைவு இல்லை. ரிம்முக்குக் காசு கொடுக்கும் முன், ஒரே ஒரு ரிம்மைக் கடனாக வாங்கி வந்து போட்டுப் பாருங்கள். வீட்டில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் நெல்லிக்காய் அளவு இரண்டு மூன்று உருண்டை எடுத்துக் காலிப்பரின் வெளி முகத்திலும் மேல் மூலையிலும் ஒட்டுங்கள். ரிம்மின் உள்பக்கம் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் மாவு ரிம்மோடு போய்விடும். நட்டை முழுதாக இறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கிய மாவைப் பிளேடால் குறுக்கே வெட்டி, ஆக மெல்லிய இடத்தை அளந்தால் அதுதான் உங்கள் இடைவெளி. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பேலன்ஸுக்காகச் சக்கரத்தில் ஒட்டுகிற ஈயக் கட்டியும் அந்த வழியாகத்தான் சுற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாட்டும்போது உங்கள் போர்மனிடம் மூன்றே விஷயம் சொல்லுங்கள். ஹப் நட்டுக்கு அடியில் வெட்டு விழுந்த கூம்பு வளையம் ஒன்று இருக்கும், அது தேய்ந்திருந்தாலோ விட்டுப்போனாலோ ஃபிளேஞ்ச் தண்டில் ஆடி எல்லாவற்றையும் தின்றுவிடும். அந்த நட்டைக் கைக்கணக்கில் இறுக்கக்கூடாது, தண்டின் முனையில் ஸ்பிளிட் பின்னுக்குப் பல துளை இருந்தால் 255 நியூட்டன் மீட்டர், ஒரே துளை என்றால் 203, டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இந்த வேலையே வேண்டாம். அப்புறம், காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது வலது மாறிப்போய் நிப்பிள் கீழே வந்தால் நாள் முழுக்கப் பம்ப் அடித்தாலும் காற்று போகாது, பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டரைத்தான் பாவம் திட்டுவார்கள்.

இனி டயர். 10 இஞ்ச் டயர் கேட்பவர் குறைவு, கடையில் கிடந்த பழைய சரக்கைப் புதிது என்று தள்ளிவிடுவார்கள். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. உங்களுக்குப் பேசி வைத்த டயரில் அதை முதலில் பாருங்கள். சக்கரம் சின்னதானதால் ஸ்பீடோ மீட்டர் கூட்டிக் காட்டும்: முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 என்றால் உண்மையில் நீங்கள் போவது 95 பக்கம். வண்டி ஒரு 11 மில்லிமீட்டர் தாழும், தோட்டத்துச் சாலையில் செம்பனை லோரி உழுத தடத்தில் இறக்கினால் நடுமேடு அடிவயிற்றில் உரசும். கிராணி காலத்தில் அந்தச் சாலையில் இத்தனை பெரிய லோரி ஓடவில்லை!

வேலையைத் தொடங்கும் முன் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரேக்கை மாற்றியதைச் சொல்லாமல் விட்டு, விபத்துக்கு அப்புறம் சொல்வது நமக்கு நல்லதில்லை.

கேள்வி: 10 வேண்டாம், 13 இஞ்ச் போடலாமா? — வாசகி, கோலகங்சார்

பதில்: போடலாம், கம்பெனியே 175/50 ஆர் 13 டயரோடு விற்றது. ஆனால் அதற்கு அகலமான சக்கர வளைவு மூடி தேவை, ஸ்டியரிங் கனக்கும், குழியில் விழுந்தால் முதுகு சொல்லும். எனக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடித்தால் போடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1970 மினி, நான்கும் டிரம். பெடல் பாதிவரை இறங்குகிறது, இரண்டாம் தடவை மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. டிஸ்க் மாற்றச் சொல்கிறார்கள். — வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டாம் மிதியில் மேலே வருகிறது என்றால் பெரும்பாலும் ஷூ தளர்ந்திருக்கிறது, டிஸ்க்குக்கு அவசரம் இல்லை ஐயா. முன்சக்கரம் ஒவ்வொன்றின் பின்னாலும் சதுரத் தலை அட்ஜஸ்டர் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று. முன்னால் ஒன்றைத் திருப்பிவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் வழக்கமான தவறு. முதல் நாளே துருவிளக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள், சாதாரண ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும், சதுர ஸ்பேனர் வேண்டும். சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, லேசாகச் சுற்றும் அளவுக்குப் பின்னால் விடுங்கள். அதற்கு அப்புறமும் காலை அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் அது மாஸ்டர் சிலிண்டர், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.