டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தவறி விழுந்தார்’ என்று இருந்தால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் என் கணவர் பைக்கில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, இறங்கி வந்த டூரிஸ்ட் வேன் கொண்டை ஊசி வளைவில் இடித்துவிட்டது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி பார்த்து, பிறகு சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தவறி விழுந்ததாக’ எழுதி, டபிள்யூ 19 (W19) என்று ஒரு கோடும் (code, குறியீடு) போட்டிருக்கிறார்கள். இதைக் காட்டியே இன்சூரன்ஸ்காரர்கள் மறுக்கிறார்கள். ஒருவர் 25,000 ரூபாய்க்கு வேறு சம்மரி வாங்கித் தருவதாகவும், பணம் வந்ததும் 30 சதவீதம் கேட்பதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். ஒரே மருத்துவமனையிலிருந்து ஒரே நோயாளிக்கு இரண்டு சம்மரி, இரண்டிலும் வேறு வேறு கதை என்றால், விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் உங்கள் வழக்கு அன்றே படுத்துவிடும். பழைய சம்மரியின் நகல் ஏற்கெனவே இன்சூரன்ஸ் கம்பெனி ஃபைலில் இருக்கிறது என்பதை அந்த நபர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

முதலில் அந்தக் கோடு. நோய்களையும் காயங்களையும் குறிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஐசிடி-10 என்ற சர்வதேசக் குறியீட்டு முறையில் காயத்துக்கு ஒரு கோடு, காயம் எப்படி வந்தது என்பதற்கு இன்னொன்று. உங்கள் கணவரின் கால் எலும்பு நடுப்பகுதியில் முறிந்திருந்தால் எஸ் 82.2. சாலையில் பைக் ஓட்டிச் சென்றவரை வேன் மோதியது என்றால் வி 23.4. டபிள்யூ 19 என்பது ‘எப்படியென்று குறிப்பிடாத விழுதல்’. குளியலறையில் விழுந்தவருக்கும் அதுவே வரும். கோடு போடுகிறவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. சம்மரியில் ‘விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால் அவர் அங்கேதான் போய் நிற்பார். ஆகவே கோடைத் திருத்த அலைய வேண்டாம். அது எந்த வாக்கியத்திலிருந்து பிறந்ததோ, அதைப் பாருங்கள்.

அந்த வாக்கியத்தைவிட மூத்த ஆவணம் ஒன்று உங்களுக்கு இருக்கிறது: ஏற்காடு அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்தார், எங்கே எப்படி நடந்ததாகச் சொன்னார்கள், நினைவு இருந்ததா, மது வாடை இருந்ததா, என்னென்ன காயம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘ஏற்காடு மலைப்பாதை, இத்தனையாவது கொண்டை ஊசி வளைவில், தான் ஓட்டிச் சென்ற இருசக்கர வாகனத்தின் மீது எதிரே வந்த வேன் மோதியதாகக் கூறப்படுகிறது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், உங்கள் கவலை பாதி தீர்ந்தது. பல இடங்களில் ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து) என்ற மூன்றெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். இரவில் ஒரே டியூட்டி டாக்டர் தையலும் போட்டு, போலீசுக்குத் தகவல் மெமோவும் எழுதி, பதிவேட்டையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. விபத்துச் சிகிச்சைக்கு இத்தனை திட்டம் அறிவிக்கிறவர்கள், அந்த அறையில் உட்கார்ந்து எழுத ஓர் ஆளைப் போட ஏன் யோசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் சோறு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

காப்பி கையில் வந்ததும் பெயர், இனிஷியல், வயது, வலது-இடது ஆகியவற்றைச் சம்மரியோடும் எக்ஸ்ரே ஃபிலிமோடும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வலது கால், மற்றதில் இடது கால் என்றிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவதும் அதைத்தான். ஏ.ஆரிலும் ‘தவறி விழுந்தார்’ என்றே இருந்தாலும் கை விட வேண்டாம். 108-ல் போயிருந்தால் அந்தப் பதிவு, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், இரண்டு வண்டியிலும் எங்கே அடிபட்டிருக்கிறது என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவை பேசும்.

இப்போது தனியார் மருத்துவமனைக்கு உங்கள் கணவர் கையெழுத்தோடு ஒரு மனு கொடுங்கள். ‘சம்மரியை மாற்றித் தாருங்கள்’ என்று எழுதாதீர்கள். கேஸ் ஷீட் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவு) முழுவதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அட்மிஷன் நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் தெரியும். பெரும்பாலும் பதற்றத்தில் உடன் வந்தவர் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொன்னதுதான். பிறகு ஏ.ஆர். காப்பியை இணைத்து, ‘முதல் பதிவின்படி வேன் மோதியதாக உள்ளது’ என்று சிகிச்சை அளித்த மருத்துவர் இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட கூடுதல் குறிப்பு கேளுங்கள். பழைய வரி அப்படியே இருக்கட்டும். அடித்து எழுதியது, வெள்ளை மை பூசியது எதையும் வாங்காதீர்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகப் படிக்க வேண்டும். வேன் உண்மையில் பைக்கைத் தொட்டதா? மலைப்பாதையில் வேன் வளைவை அகலமாக எடுத்து எதிர்ப்பக்கம் ஏறும். பைக்காரர் ஒதுங்குவார், ஓரத்து மண்ணில் சறுக்கி விழுவார். உரசல்கூட இருக்காது. உங்கள் கணவருக்கு நடந்தது அதுவானால், ‘மோதியது’ என்று எழுதச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அந்த நிலையில் வி 28.4 என்ற கோடுதான் சரி. அது மோதல் இல்லாத சாலை விபத்துக்கானது. அதனால் உரிமை போய்விடாது. மோதினால்தான் இழப்பீடு என்று சட்டம் சொல்லவில்லை, வேன் ஓட்டியவரின் கவனக்குறைவால் நடந்ததா என்பதே கேள்வி. ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே வழி விட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதி. ‘எதிரே வந்த வேன் தவறான பக்கம் வந்ததால் ஒதுங்கி விழுந்தார்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் அது நிற்கும். மோதியதாகச் சொல்லி, ஆய்வாளர் அறிக்கையில் வேனில் ஒரு கீறலும் இல்லை என்று வந்தால், உண்மையான முறிவுக்கும் பணம் வராது.

அந்த 30 சதவீதக்காரரைப் பற்றி. கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்க வழக்கறிஞருக்கே பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. இவர் வழக்கறிஞரும் இல்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, பாஸ்புக், ஒரிஜினல் எக்ஸ்ரே எதையும் இவரிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். காசோலை திரும்ப வராவிட்டால் வங்கியில் எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். ஆனால் மனுதாரர் உங்கள் கணவர் என்பதால் அவர் வருமானத்தைக் கேட்பார்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள சட்டம். போலீஸ் இறுதி அறிக்கை வரட்டும், மெடிக்கல் போர்டு சான்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, இருக்கிற சம்மரி ஆகியவற்றை வைத்து மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கூடுதல் குறிப்பையும் ஊனச் சான்றையும் விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம்.