மெமோரியல் கப் யார் நினைவாக?

கேள்வி: கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்களுக்குத் தரும் ‘மெமோரியல் கப்’ யார் நினைவாக?

பதில்: தனி ஒருவர் நினைவாக அல்ல. முதல் உலகப்போரில் மாண்ட கனடிய வீரர்களுக்காக 1919-ல் ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் அளித்தது. யோசனை, ராணுவத்தில் பணியாற்றிய கேப்டன் ஜேம்ஸ் சதர்லேண்டுடையது. 2010-ல் எல்லாப் போர்களிலும் உயிர்நீத்த கனடிய வீரர்களுக்கும் சேர்த்து அர்ப்பணித்தார்கள்.

முதல் ஆண்டு ரெஜைனா அணி பாவம்! டொரண்டோ பல்கலைக்கழகப் பள்ளிகள் அணியிடம் 14-3, 15-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது.

1972-லிருந்து ஜூனியர் ஹாக்கியின் மூன்று லீக்குகளின் சாம்பியன்கள் மோதினார்கள். 1983-ல் போட்டியை நடத்தும் ஊரின் அணிக்கும் இடம் கிடைத்தது. அந்த முதல் முறையே, தன் லீக் இறுதியில் தோற்றிருந்தும் போட்டியை நடத்தியதால் இடம்பெற்ற அமெரிக்காவின் போர்ட்லண்ட் அணி கோப்பையைத் தட்டிச் சென்றது. அமெரிக்க அணி ஒன்று வென்றதும் அதுவே முதல் தடவை. டிக்கெட் விற்பனைக்கு வசதியான விதிதான். நியாயமானது என்று என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

2008-ல் கோப்பையை வென்ற அமெரிக்காவின் ஸ்போகேன் அணி வீரர்கள் அதை வெற்றிக் களிப்பில் கைமாற்றியபோது, கோப்பை இரண்டாகக் கழன்று விழுந்தது! பதற வேண்டாம், அது நகல்.